பூம்புகாரா, நாகப்பட்டினமா? பௌத்த எச்சம் பார்க்க எங்கே போகலாம்

ஒரே நாளில் இரண்டையும் பார்க்க நினைத்து, கடைசியில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பவர்களுக்கு இது.

இடத்தில் மிஞ்சியிருப்பது
பூம்புகார்: பல்லவனீச்சரத்தில் அகழ்ந்தெடுத்த விகாரையின் (பௌத்தத் துறவிகளின் மடம்) செங்கல் அடித்தளம். வரிசையாகச் சதுர அறைகள். முட்டளவுச் சுவர்தான், ஆனால் துறவிகள் தங்கிய அறையின் அளவு கண்முன்னே தெரியும்.
நாகப்பட்டினம்: கட்டடம் ஏதும் இல்லை. கடைசியாக நின்ற மூன்றடுக்குச் செங்கல் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. பெரிய இழப்பு அது.

கிடைத்த பொருள்கள்
பூம்புகார்: மங்கலச் சின்னங்கள் செதுக்கிய புத்தபாதக் கல், சிறு வெண்கலப் புத்தர்.
நாகப்பட்டினம்: இங்கேதான் தட்டு சாய்கிறது. 1856 முதல் ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் வெளிவந்தன. புத்தரின் உச்சியில் சுடர்போல எழும் சுவாலையைக் கவனியுங்கள். அதுதான் நாகைப் பாணியின் அடையாளம். சிலவற்றின் பீடத்தில் தமிழ் எழுத்தும் உண்டு.

எழுத்துச் சான்று
பூம்புகார்: கல்வெட்டு, செப்பேடு குறைவு; இலக்கியச் சான்று மணிமேகலையில் உண்டு.
நாகப்பட்டினம்: சுமத்ராவை ஆண்ட ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததை லெய்டன் செப்பேடு (நெதர்லாந்தின் லெய்டன் நகரின் பெயரில் அறியப்படும் சோழர் செப்பேடு) சொல்கிறது.

எங்கே தவறுகிறது
பல்லவனீச்சரம் என்று மட்டும் கேட்டால் சிவன் கோயிலைக் காட்டுவார்கள்; புத்த விகாரை என்று சேர்த்துக் கேளுங்கள். நாகைப் படிமங்களைத் தேடி நாகைக்குப் போகாதீர்கள்; அவற்றில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில். அங்கே வெள்ளி விடுமுறை.

கட்டட அமைப்பு வேண்டுமென்றால் பூம்புகார். சிற்பக்கலை, சோழர் வரலாறு வேண்டுமென்றால் எழும்பூர்.