ஏற்காட்டில் மண்ணுக்குள் போகும் சுவர்: சிமென்ட் பூச்சா, தார் ஷீட்டா?

மலைச்சரிவில் புது வீடு கட்டினால் ஒரு பக்கச் சுவராவது மண்ணுக்குள்தான் போகும். மண்ணின் ஈரம் உள்ளே கசியாமல் இருக்க வெளிப்பக்கம் எதைப் போடுவது?

செலவு: பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சு குறைவு, தார் ஷீட் கூடுதல்.

வேலை: பூச்சை ஈரச் சுவரிலேயே பிரஷ்ஷால் இரண்டு கோட் அடிக்கலாம். ஷீட்டுக்குச் சுவர் நன்றாகக் காய வேண்டும், அப்புறம் பிரைமர் அடித்து, கேஸ் டார்ச்சில் சூடுகாட்டி, ஓரங்கள் 10 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டி, மூட்டில் உருகிய தார் லேசாகப் பிதுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஐப்பசி மழையில் இதெல்லாம் ஆகிற காரியமா!

நீடித்து உழைப்பது: சுவர் விரிசல் விட்டால் பூச்சும் பெரும்பாலும் கூடவே விரியும், ஷீட் இழுத்துக் கொடுக்கும். ஆனால் மண் தள்ளி மூடும்போது கல் குத்தினால் கிழியும், மேலே பாதுகாப்புப் பலகை வேண்டும்.

சேலம் டவுனில் தண்ணீர் தேங்காத மனைக்குப் பூச்சு போதும். சரிவுக்கு ஷீட்தான் என் ஓட்டு. எதுவானாலும், சுவரடியில் தண்ணீர் வடிய ஜல்லியும் ஓட்டை போட்ட குழாயும் போடாமல் மண்ணை மூடிவிடாதீர்கள்.