தாமிரம் ஏற்றிய செலெக்ஸ்: கிச்சாப்போடு நான்கு ஆண்டுகள்

சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஓர் உணவு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். கிச்சாப் (சோயா சாறு), மீன் சாறு, கோழிச் சாறு இவைதான் என் மேசைக்கு வரும் சரக்கு. கிச்சாப்பின் சுவையில் தனி அமினோ அமிலங்களுக்கு எவ்வளவு பங்கு, குட்டிப் பெப்டைடுகளுக்கு எவ்வளவு பங்கு என்று பார்க்க, முதலில் இரண்டையும் பிரித்தாக வேண்டும். சிக்கலே அங்குதான். இரண்டு மூன்று அமினோ அமிலம் கோத்த பெப்டைடுக்கும் தனி அமினோ அமிலத்துக்கும் உருவ அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. அளவை வைத்துப் பிரிக்கும் செஃபடெக்ஸ் ஜி-10 என்ற ஜெல்லில் ஓட்டினால் இரண்டும் கலந்து இறங்கும். டைரோசின், டிரிப்டோபன் என்ற அமினோ அமிலங்கள் ஜெல்லோடு ஒட்டிக்கொண்டு தாமதமாக வந்து கணக்கைக் கெடுக்கும். அமிலத்தில் நேர்மின் அயனிப் பரிமாற்ற ரெசினில் (அயனிகளைப் பிடிக்கும் பிளாஸ்டிக் மணிகள்) ஏற்றினால் இரண்டையுமே பிடித்துக்கொள்ளும்.

இதற்காகத்தான் தாமிரம் ஏற்றிய செலெக்ஸ் 100க்கு வந்தேன்; செலெக்ஸ் என்பது உலோகத்தைப் பிடித்துவைக்கும் ஒரு ரெசின். பக்கத்து ஆய்வுக்கூடத்து நண்பர்கள் உலோகம் பிடித்த ரெசின் என்றதும் புரதம் பிரிக்கும் நிக்கல் ரெசினான நிக்கல்-என்டிஏவா என்று கேட்பார்கள். உறவு உண்டு. உலோகத்தைப் பற்றும் மூலக்கூறுகள் ஒன்றின் இடத்தில் ஒன்று வந்து உட்காரும் லிகாண்ட் பரிமாற்றம் என்ற கருத்தை ஹெல்ஃபரிக் 1961இல் முன்வைத்தார்; போராத் குழுவினர் 1975இல் அதே வழியில் புரதங்களைப் பிரித்துக் காட்டினார்கள். ஆனால் நிக்கல் ரெசினில் நமக்கு வேண்டிய புரதம் ஒட்டும், மற்றவை ஓடும். இங்கே தலைகீழ்: வேண்டிய பெப்டைடு ஓடிவிடும், அமினோ அமிலம் நின்றுவிடும்.

செலெக்ஸில் இருக்கும் இமினோடைஅசிடேட் மூன்று இடத்தில் தாமிரத்தைப் பிடிக்கிறது. மீதி இடங்கள் காலி. அமினோ அமிலம் தன் அமினையும் கார்பாக்சிலையும் நீட்டி அங்கே உட்கார்ந்துகொள்ளும். பிஎச் 11 அளவில் போரேட் கரைசலில் பெப்டைடு வேறு மாதிரி நடக்கும். அதன் பெப்டைடுப் பிணைப்பில் உள்ள நைட்ரஜனே புரோட்டானை விட்டுவிட்டு தாமிரத்தைப் பற்றும். அப்படி உருவாகும் கூட்டு எதிர்மின் சுமை கொண்டது. ரெசினும் எதிர்மின் சுமைதான். தள்ளிவிடும். அதனால் பெப்டைடு ஒரு துளி தாமிரத்தையும் பிடுங்கிக்கொண்டு வெளியேறும். முதல் சோதனைக் குழாய்களில் ஊதாவும் நீலமும் கலந்த நிறம் இறங்குவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனசு நிறையும். பிறகு அமோனியா விட்டால் அமினோ அமிலங்கள் கருநீலத்தோடு வரும்.

முதல் மாதம் படாத பாடு பட்டேன். சோடியம் வடிவ ரெசினைக் கொலத்தில் (ரெசின் நிரப்பும் நீளக் குழாய்) நிரப்பி, அதன்மேல் காப்பர் சல்பேட்டை ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது உடன் வேலை செய்யும் தம்பி, “அக்கா, ரெசின் பாதிதான் இருக்கு, கசிஞ்சிருச்சா?” என்று கேட்டான். கசியவில்லை. தாமிரம் ஏறினால் செலெக்ஸ் அப்படிச் சுருங்கும். சுவரோரம் இடைவெளி விழுந்து, மாதிரி அந்த வழியாகவே ஓடிவிடும். அன்றிலிருந்து பீக்கரிலேயே தாமிரம் ஏற்றி, கழுவி, அதன்பிறகுதான் நிரப்புகிறேன். கழுவுவதில் அவசரம் கூடாது. மிச்சத் தாமிரம் இருந்தால் போரேட் பட்டதும் பச்சை நீலக் கூழாகப் படிந்து கொலத்தை அடைத்துவிடும். கழுவிய நீரில் ஒரு சொட்டு அமோனியா விட்டுப் பாருங்கள். நீலம் தெரியாமல் போகும் வரைக்கும் கழுவுங்கள். கொலத்தின் அடியில் தாமிரம் ஏற்றாத செலெக்ஸை ஒரு விரற்கடை வைத்தால் கசியும் தாமிரத்தில் பெரும்பகுதி அங்கேயே நிற்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊர் வெக்கையில் கொலத்தில் பூஞ்சை வருமோ என்று பயந்து சோடியம் அசைடு சேர்த்துவிடாதீர்கள். தாமிரத்தோடு அது வெடிக்கும் சேர்மம் ஆகும். நான் 20% எத்தனாலில் வைக்கிறேன். தாமிரக் கழிவைத் தொட்டியில் கொட்டாமல் தனிக் கலனில் சேர்த்து, உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்திடம் கொடுக்கிறோம்.

குறைகளும் உண்டு. கிச்சாப்பின் உப்பும் சர்க்கரையும் பெப்டைடோடு சேர்ந்தே வரும், போரேட்டும் கூட. அமோனியாப் பகுதியை நன்றாக உலர்த்தாமல், அமினோ அமிலத்தை நிறத்தால் காட்டும் நின்ஹைட்ரின் போட்டால் அமோனியாவே நிறம் காட்டும். புரதத்தை அளக்கும் பிசிஏ சோதனையே தாமிரத்தை வைத்துத்தான் நடக்கிறது, அதனால் இந்தப் பகுதிகளில் அதை நம்ப முடியாது.

இவற்றை விடப் பெரிய விஷயம், ‘பெப்டைடுப் பகுதி’ என்று நாம் பெயர் ஒட்டுவதில் எல்லாப் பெப்டைடும் இல்லை. காமா-குளூட்டமைல் பெப்டைடுகளைப் பாருங்கள். சுவைக்கு ஆழம் தருபவை. புளிக்கவைத்த உணவில் நாம் தேடுவதே இவற்றைத்தான். ஆனால் அவற்றில் குளூட்டமிக் அமிலத்தின் ஆல்ஃபா அமினும் கார்பாக்சிலும் கட்டப்படாமல் இருக்கின்றன. தாமிரத்தின் கண்ணுக்கு அது ஓர் அமினோ அமிலம். இரண்டாம் இடத்தில் புரோலின் வந்தால் அந்தப் பிணைப்பில் விடுவதற்குப் புரோட்டானே கிடையாது. கோழிச் சாற்றில் உள்ள கார்னோசின் என்ற பெப்டைடில் ஹிஸ்டிடின் இருக்கிறது. அதன் இமிடசோல் வளையமும் தாமிரத்தைத் தேடும். ஓராண்டு இதைக் கவனிக்காமல் அமோனியாப் பகுதியை அமினோ அமிலக் கணக்கில் எழுதிவிட்டு, பிறகு பழைய மாதிரிகளை உறைபெட்டியிலிருந்து எடுத்து மறுபடி ஓட்டினேன். இப்போது ஒவ்வொரு புதுக் கொலத்திலும் முதலில் கிளைசின் என்ற அமினோ அமிலமும் கிளைசில்கிளைசின் என்ற பெப்டைடும் கலந்து ஓட்டுகிறேன், அடுத்து குளூட்டதயோன் அல்லாத ஒரு காமா-குளூட்டமைல் டைபெப்டைடு. குளூட்டதயோனின் கந்தகம் தாமிரத்துக்கு எலக்ட்ரான் கொடுத்து அதை ஒடுக்கிக் குழப்பிவிடும். அமோனியாப் பகுதியையும் எல்சி-எம்எஸ் கருவியில் (மூலக்கூறுகளைப் பிரித்து நிறையால் அடையாளம் காண்பது) கட்டாயம் பார்க்கிறேன்.

வாங்குவோருக்கு: 100–200 மெஷ் (ரெசின் மணியின் அளவு; எண் கூடினால் மணி சிறிது) போதும். 200–400 இன்னும் கூர்மையாகப் பிரிக்கும், ஆனால் ஓட்டம் மெதுவாகிப் பாதி நாள் போய்விடும். பத்து மில்லி ரெசினுக்குப் பத்து மடங்கு நீர்த்த கிச்சாப் இரண்டு மில்லிதான் ஏற்றுகிறேன். மேல்பகுதி வெளிறினால் ரெசினை வெளியே எடுத்து மறுபடி தாமிரம் ஏற்றுகிறேன். முதலில் வாங்கிய புட்டியில் இன்னும் கால் பாகம் மிச்சம் இருக்கிறது.