எச்சரிக்கை: மாதிரிப் பொட்டலம் ஒன்று, வந்த மூட்டை வேறு. 18,000 ரூபாய் போய்விட்டது

20 கிலோ பச்சை, அதாவது வறுக்காத காபிக்கொட்டை. கிலோ 900 ரூபாய். மொத்தம் 18,000 ரூபாய், முழுக்க முன்பணம். மூட்டை வந்து நாலு நாள்தான் ஆகிறது. இன்னொருவர் மாட்டிக்கொள்வதற்குள் எழுதிவிடுகிறேன். விற்றது, சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்து "தோட்டத்திலிருந்து நேரே" என்று வியாபாரம் செய்யும் ஒரு சின்னக் கடை.

சொன்னது இதுதான்: கீழ்ப்பழனி மலை, 1,400 மீட்டர் உயரம், ஐந்து ஏக்கர் தோட்டம், நிழல்மரத்தடியில் எஸ்.795 என்ற அராபிகா காபி ரகம், ஆர்கானிக் சான்று உண்டு, இந்த வருட அறுவடை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காபியை அறிந்தவர்களுக்கு இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. மிளகு, ஆரஞ்சு, மலைவாழைக்கு நடுவே அங்கே நல்ல காபி நிஜமாகவே விளைகிறது. அந்த மலையின் பெயரை வைத்தே ஏமாற்றியதுதான் வயிறு எரிகிறது.

நம்ப வைத்தது 250 கிராம் மாதிரி. நீலம் ஓடிய பச்சை நிறம், ஒரே அளவுக் கொட்டை, ஈரப்பதம் மீட்டரில் 10.6 சதவீதம். மிதமாக வறுத்து, 12 கிராம் தூளுக்கு 200 மில்லி வெந்நீர் ஊற்றி இறக்கினால் வெல்லப்பாகு வாசம், பின்னாலேயே ஆரஞ்சுத்தோல் புளிப்பு. "மூட்டையும் இதே லாட்தானே?", அதாவது இதே தொகுதிச் சரக்குதானே என்று கேட்டதற்கு, "அதே மூட்டையைப் பிரிச்சு எடுத்ததுதான் சார்" என்று குரல் பதிவில் பதில் வந்தது. அன்று சாயங்காலமே 18,000 ரூபாயும் போனது.

மூட்டையைப் பிரித்ததும் நனைந்த சாக்கு வாடை. 350 கிராம் எடுத்து, பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தட்டில் பரப்பிப் பிரித்தேன். ஸ்பெஷாலிட்டி எனும் உயர்தரக் காபி என்றால் அந்த 350 கிராமில் முழுக் கருப்புக் கொட்டை ஒன்றுகூட இருக்கக் கூடாது. இதில் 14. குண்டூசி முனை அளவு ஓட்டை விழுந்தவை 41. ஓரம் வெளுத்துப் பஞ்சடைந்த கொட்டைகள் ஏராளம். அவை போன வருடச் சரக்கு. அதைவிட மோசம், நடுப்பிளவு நேர்க்கோடாக ஓடிய, குட்டையான உருண்டைக் கொட்டைகள் 60 கிராமுக்கு மேல். அராபிகா என்றால் நீள்வட்டமாக, பிளவு வளைந்து இருக்கும். உருண்டையாக நேர்க்கோட்டோடு இருப்பது ரோபஸ்டா என்ற வேறு காபி இனம்.

ஈரப்பதம் 13.5. பத்தரையில் இருக்க வேண்டியது. கணக்குப் போட்டால் 20 கிலோவில் ஏறக்குறைய 670 கிராம் வெறும் தண்ணீர். அதற்கே 600 ரூபாய் கொடுத்திருக்கிறேன். வறுத்தால் வெடிப்புச் சத்தம் சேர்ந்தாற்போல் வராமல் இழுத்துக்கொண்டே போகிறது. ஈரக்கொட்டை வெளியே நிறம் ஏறி உள்ளே வேகாமல் நிற்கிறது. பழுக்காத காயிலிருந்து வந்தவை எவ்வளவு சூடு கொடுத்தாலும் வெளிறியே கிடக்கின்றன. குடித்தால் வேர்க்கடலைத் தோலும் மண்ணும்தான் நாக்கில் நிற்கிறது.

படத்தோடு அனுப்பிக் கேட்டால் முதல் பதில்: "மருந்து அடிக்காத காபி சார், ஓட்டை இருக்கத்தான் செய்யும்." பொய். அந்த ஓட்டையைப் போடும் காய்த்துளைப்பான் வண்டை ஆர்கானிக் தோட்டத்திலும் கட்டுப்படுத்துகிறார்கள். பழுத்ததை உடனுக்குடன் எடுப்பது, கீழே விழுந்த காயைப் பொறுக்குவது, அந்த வண்டைக் கொல்லும் பூவேரியா பூஞ்சாணம் தெளிப்பது எல்லாம் அதற்குத்தான். அதையும் மீறி வருவது, பழத்தைத் தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் மிதந்துவிடும். மிச்சத்தைக் கையால் பொறுக்கித் தள்ள வேண்டும். அந்தக் கூலியைச் சேர்த்துத்தானே கிலோ 900?

இரண்டாம் நாள், "வறுக்கிற விதத்துல இருக்கு." மூன்றாம் நாள், "பிரிச்ச மூட்டையைத் திரும்ப எடுக்க மாட்டோம்." பிரிக்காமல் எப்படிப் பார்ப்பது? பிறகு "மேனேஜர் கூப்பிடுவார்" என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. நேற்று ராத்திரி என் எண்ணையே முடக்கிவிட்டார்கள். 18,000 ரூபாய்க்கு ஒரு ரசீதுகூட இல்லை.

அவர்கள் அனுப்பிய ஆர்கானிக் சான்றிதழை அப்புறம்தான் பெரிதாக்கிப் படித்தேன். பயிர்ப் பட்டியலில் மிளகும் வாழையும் மட்டும். காபி இல்லை. தேதியும் போன வருடத்தோடு முடிந்திருக்கிறது. பணம் அனுப்பும் முன்னால் இதைப் படித்திருந்தால் 18,000 ரூபாய் கையில் இருந்திருக்கும்.

வாங்கப் போகிறவர்கள் சான்றிதழில் பயிர்ப் பெயரையும் செல்லுபடித் தேதியையும் கட்டாயம் பாருங்கள். அந்த லாட்டுக்கான பரிவர்த்தனைச் சான்று, அதாவது விற்கும் அந்தச் சரக்குக்கென்றே தரும் ஆர்கானிக் சான்று, தனியாகக் கேளுங்கள். மாதிரியில் 100 கிராமை வறுக்காமல் காற்றுப்புகாத டப்பாவில் மூடி, தேதி எழுதி வையுங்கள். ஒப்பிட்டுக் காட்ட அதுதான் ஆதாரம். முதல் தடவை இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். மூட்டை பிரிப்பதை வீடியோ எடுங்கள். ரசீது இல்லையென்றால் பணம் இல்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் இன்று காலை புகார் பதிவு செய்தாயிற்று. குரல் பதிவு, பணம் அனுப்பிய விவரம், தட்டில் பிரித்த கொட்டையின் படம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. மிச்சம் 19 கிலோவுக்கு மேல் அப்படியே கட்டி வைத்திருக்கிறேன்.