பீடோங் சாப்பாட்டு மேசையில் 25-க்கும் 28-க்கும் நடக்கும் சண்டை

சிறு பொம்மை வீரர்களை மேசைமேல் நிறுத்திப் பழைய போர்களை ஆடும் மேசைப்போருக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி பொம்மை வாங்கலாம்?" என்றுதான். கம்பெனி அப்புறம். முதலில் பிளாஸ்டிக்கை முடிவு செய்ய வேண்டும். பண்டைய வீரர்கள் இரண்டு விதமான பிளாஸ்டிக்கில் வருகிறார்கள், இரண்டுக்கும் குணம் வேறு.

ஒன்று 1/72 அளவு. ஹாட், ஸ்வெஸ்டா, சீசர், இத்தாலேரி என்ற கம்பெனிகளின் பொம்மைகள் எல்லாம் இந்த வகை. ஆறடி ஆளை 72-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 25 மி.மீ. வரும். பிளாஸ்டிக் மென்மையானது, வளையும். மற்றது 28 மி.மீ. விக்ட்ரிக்ஸ், வார்லார்ட் கேம்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனங்களைச் சொன்னால் பலருக்குத் தெரியும். இது கடினமான பாலிஸ்டைரின். தலை, கை, கேடயம் எல்லாம் தனித்தனியாகச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும், நாம்தான் வெட்டிப் பொருத்த வேண்டும். 3 மி.மீ. தானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். 28 என்பது பல நேரம் உள்ளங்காலிலிருந்து கண் வரைக்கும் எடுத்த அளவு. தலையையும் கையையும் வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாகச் செய்திருப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் அப்பனும் பிள்ளையும் மாதிரி இருக்கும்.

நான் இருப்பது மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கில். ஒரு பக்கம் ஜெராய் மலை, மற்றப் பக்கமெல்லாம் செம்பனையும் மிச்சமிருக்கும் ரப்பர் மரமும். இந்தப் பொம்மை விற்கும் கடை இங்கே கிடையாது. எல்லாம் அஞ்சலில்தான் வர வேண்டும். ஆடுவது மூன்று பேர்: நான், ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார், படிவம் நான்கு படிக்கும் என் அக்கா மகன். மேசை என் வீட்டுச் சாப்பாட்டு மேசை. இரவு எட்டுக்குள் காலி செய்தாக வேண்டும்.

சரி, பசைக்கு வருவோம். பாலிஸ்டைரினுக்கென்று விற்கும் பசை உண்மையில் பசையே இல்லை, கரைப்பான். இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும். காய்ந்தபின் கை கழன்று வராது, வேண்டுமானால் வேறு இடத்தில் உடையும். ஆனால் நாசி லெமாக் கட்டித் தரும் வெள்ளை டப்பாவும் பாலிஸ்டைரின்தான், நுரை வடிவத்தில். அது தெரியாமல், புதிதாக ஒட்டிய எட்டு ரோமானியர்களைக் காயட்டும் என்று அந்த டப்பாவில் நிறுத்தி வைத்தேன். காலையில் பார்த்தால் டப்பாவில் எட்டுப் பள்ளம், ஒவ்வொன்றிலும் ஒருவன் கணுக்கால் வரை புதைந்து நிற்கிறான்.

மென் பிளாஸ்டிக்கில் இதற்கு நேர் எதிர்த் தொல்லை. பெரும்பாலும் அது பாலித்தீன் வகை. மீன் வாங்கி வரும் பையில் எந்தப் பசை ஒட்டியிருக்கிறது? பெயின்டும் அப்படித்தான். பூசியபோது அழகாக இருக்கும், நாலு ஆட்டம் ஆடினால் ஈட்டி முனையில் உரியத் தொடங்கும். முதலில் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும், அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப்பசை போவதற்கு. அப்புறம் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து ஒரு பூச்சு. அதன்மேல் பெயின்ட், கடைசியில் வார்னிஷ். இத்தனை செய்தும் என் படையில் வழுக்கை ஈட்டிகள் உண்டு. சீசர் பொம்மைகள் இந்த விஷயத்தில் தேவலை, பிளாஸ்டிக் கொஞ்சம் கெட்டி, சூப்பர் குளூவும் ஓரளவு பிடிக்கும்.

மென் பிளாஸ்டிக்கில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பெட்டியில் நசுங்கி ஈட்டி வில்லாய் வளைந்து வருகிறதா? மைலோ கோப்பையில் கொதிநீர் ஊற்றி வீரனைத் தலைகீழாக நனைத்து, ஈட்டியை விரலால் நேராக இழுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டால் அப்படியே நிற்கும். 28-இல் ஈட்டி வளையாது. ஒடியும். அவ்வளவுதான்.

எங்கள் ஊர் மழை இரண்டு வகையையும் ஒரே மாதிரி சோதிக்கும். காற்றில் ஈரம் அதிகமிருக்கும்போது ஸ்பிரே வார்னிஷ் அடித்தால் வெள்ளையாய்ப் பூத்துவிடும். ஒரு நாள் மாலை மழைக்குக் கொஞ்சம் முன்னால் அவசரப்பட்டு அடித்தேன். அக்கா மகன் பார்த்துவிட்டு, "என்ன மாமா, எல்லாரும் திருநீறு பூசியிருக்காங்க?" என்றான். அன்றிலிருந்து ஸ்பிரே என்றால் வெயில் ஏறிய பிறகு, காலை பத்து பதினொன்றுக்கு. மற்ற நேரம் தூரிகைதான்.

அழகு என்று கேட்டால் 28-தான், வாதமே வேண்டாம். விக்ட்ரிக்ஸின் ரோமானியன் முகத்தில் கோபத்தைத் தீட்டலாம், கவச வளையங்களை எண்ணலாம். 1/72-இல் ஸ்வெஸ்டா மட்டும் அதற்குப் பக்கத்தில் வரும். ஹாட் முகங்கள் சில நேரம் பிசைந்த மாவு. ஆனால் ரோமும் கார்தேஜும் மோதிய பியூனிக் போருக்கு ஹாட் பட்டியல் ஆழமானது. ரோமின் காலாட்படை வகைகளான ஹஸ்தாத்தி, திரியாரி, வெலிதெஸ், கார்தேஜ் பக்கத்தில் ஆப்பிரிக்கர், ஸ்பானியர், நுமிதியக் குதிரைகள் என்று பல பெட்டிகள்.

நான் நிற்பது 1/72 பக்கம். காரணம் கணக்கு. நாங்கள் ஆடுவது டிபிஏ (DBA) என்ற, பண்டையப் போர்களுக்கான விதிமுறை. ஒரு படைக்கு 12 அணிகள், நெருங்கி நிற்கும் கனரகக் காலாட்படை அணி ஒன்றுக்கு 4 பேர், யானை அணிக்கு ஒரே யானை. அணி எல்லாமே அப்படிப்பட்ட காலாட்படையாக இருந்தாலும் 48 பேருக்கு மேல் போகாது. 1/72 பெட்டியில் நாற்பதுக்கு முன்பின் ஆட்கள் இருப்பார்கள். ஒரு பெட்டியும் ஒரு யானைப் பெட்டியும் வாங்கினால் படை முடிந்தது. 28-இல் ஒரு ஆளுக்கு மூன்று நான்கு மடங்கு விலை கொடுக்கிறேன். அதற்குமேல் ஒவ்வொருவனையும் ஒட்ட ஒரு மாலை நேரம். வாத்தியார் ஒப்புக்கொள்ளமாட்டார். "ஒட்டுவதுதான் சுகம்" என்பார். அவர் ரோமானியர்கள் ஆறு மாதமாகப் பாதிக் கை இல்லாமல் நிற்கிறார்கள்.

இன்னொரு காரணம், எங்கள் மூவரின் ஆசை. மெர்போக் அருங்காட்சியகம் இங்கிருந்து அதிக தூரமில்லை. பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்களைப் பார்த்துவிட்டு வருகிற எந்தத் தமிழனுக்கும் 1025 நினைவுக்கு வரும், ராஜேந்திரன் "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" கடாரத்தை, அதாவது இந்தக் கெடாவை, தாக்கிய படையெடுப்பு. அந்தச் சோழப் படையைப் பெட்டியில் தேடி அலுத்துவிட்டோம். அப்படியானால் வெட்டி ஒட்டித்தான் செய்ய வேண்டும். சீசரின் எகிப்தியக் காலாட்படையை எடுத்துப் பாருங்கள். வெற்று மார்பு, இடுப்பில் துணி. தலைத்துணியைக் கத்தியால் சீவி, எபாக்சி புட்டியில் (களிமண் மாதிரி பிசைந்து வைத்தால் இறுகிவிடும்) ஒரு கொண்டை வைத்து, கேடயத்தை வட்டமாக்கினால் தஞ்சாவூர் பக்கம் வந்துவிடுவான். இப்படிக் கெடுத்துப் பழக மலிவான ஆள்தான் வேண்டும்.

யானையில்தான் நான் தப்புச் செய்தேன். ஹாட்டின் கார்தேஜ் போர் யானைகளை வாங்கிவிட்டேன். ஆப்பிரிக்க யானைக்குக் காது பெரிது, முதுகு நடுவில் பள்ளம். நம் யானைக்குக் காது சிறிது, முதுகு மேடு, நெற்றியில் இரண்டு புடைப்பு. காதை வெட்டுவது எளிது, மென் பிளாஸ்டிக் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். முதுகை என்ன செய்ய? புட்டி வைத்து மேடாக்கினேன், அம்பாரி கோணலாகிவிட்டது. ஸ்வெஸ்டாவில் அந்தியோகஸ் மன்னனின் போர் யானைகள் இருக்கின்றன. அவர் வம்சமான செலூக்கிய மன்னர்கள் வைத்திருந்தவை இந்திய யானைகள். கி.மு. 217-இல் ராஃபியா போரில், எகிப்தின் ஆப்பிரிக்க யானைகள் இவற்றின் வாசனைக்கும் பிளிறலுக்கும் மிரண்டன என்று பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதியிருக்கிறார். முதலிலேயே அதை வாங்கியிருந்தால் கத்தி எடுக்க வேண்டியதே இல்லை.

இப்போது ஸ்வெஸ்டா பெட்டி வந்துவிட்டது. அது சோழனுக்கா, கடாரத்துக்கா என்று இன்னும் முடிவாகவில்லை. ராஜேந்திரனின் கல்வெட்டுகளில் உள்ள மெய்க்கீர்த்திப்படி கடாரத்து அரசனை யானைகளோடுதான் பிடித்தார்கள், ஆகவே நியாயமாக அவை அந்தப் பக்கம் போக வேண்டும் என்கிறார் வாத்தியார். சோழனுக்குக் கோணல் அம்பாரி யானையா என்று அக்கா மகன் முறைக்கிறான்.