‘டபுள் டை’ என்று நம்பி வாங்கிய ஐந்து ரூபாய் நாணயம்: 18,500 ரூபாய் போனது

எரர் காயின், அதாவது தயாரிப்பில் பிழை நேர்ந்ததாலேயே சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் நாணயம், வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். சென்ற சனிக்கிழமை, பழைய நாணயங்களும் தபால்தலைகளும் விற்கும் ஒரு கடையில், ‘டபுள் டை’ எனப்படும் இரட்டை அச்சுப் பிழை உள்ளது என்று சொல்லப்பட்ட ஒரேயொரு ஐந்து ரூபாய் நாணயத்துக்கு 18,500 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். அது வெறும் ஐந்து ரூபாய்தான் என்பது திங்கட்கிழமை இரவு தெரிந்தது. எழுதும்போதே கை நடுங்குகிறது.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் நம்பினேன். 1955-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலையில், லிங்கன் தலை பொறித்த ஒரு சென்ட் நாணயத்தை அடிப்பதற்கான உலோக அச்சைச் செய்தபோது, மூல உருவை இரண்டாம் முறை அழுத்துகையில் கோணம் சற்று விலகிப்போனதால், ஆண்டும் எழுத்துகளும் இரட்டையாகத் தெரியும் நாணயங்கள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. அவை இன்று ஆயிரம் டாலருக்கு மேல் விலைபோகின்றன. இதை நானும் படித்திருக்கிறேன். அந்தக் கதையைத் தடங்கலின்றிச் சொல்லி முடித்தவர், சிவப்பு வெல்வெட் தட்டில் 1990-களின் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை வைத்து, லென்ஸை என் கையிலேயே கொடுத்து, “நான் சொல்ல வேண்டாம் ஐயா, நீங்களே பாருங்க” என்றார். ஆண்டின் கடைசி இலக்கத்தை ஒட்டி நிழல்போல ஒரு கோடு தெரிந்தது. என் கண்ணால் நானே கண்டுபிடித்ததாக எண்ணினேன். அந்த நொடியில் விழுந்தவன்தான்.

திங்கட்கிழமை இரவு, வீட்டில் சில்லறை போட்டுவைக்கும் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்து, அதே வகை ஐந்து ரூபாய் நாணயங்களைப் பொறுக்கி லென்ஸில் பார்த்தேன். மூன்றில் அதே நிழல் இருந்தது, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பக்கமாக. அச்சிலேயே பிழை இருந்தால், அந்த அச்சில் அடித்த எல்லா நாணயத்திலும் அது ஒரே இடத்தில், ஒரே அளவில் வர வேண்டும். எழுத்து தடித்து, மேடாகி, முனைகள் இரண்டாகப் பிளந்து நிற்க வேண்டும். என்னிடம் இருப்பதிலோ இலக்கம் மெலிந்து, அதன் ஓரம் படிக்கட்டுபோலத் தட்டையாக நசுங்கியிருக்கிறது. அடிக்கும் நேரத்தில் இயந்திரத்தில் அச்சு தளர்ந்து அசைந்தால் வரும் நசுங்கல் அது. சேகரிப்பாளர்கள் அதற்குத் தனி விலை கொடுப்பதில்லை. உண்மையான இரட்டை அச்சு சேர்க்கத் தகுந்ததே என்று இப்போதும் சொல்வேன். எனக்கு விற்கப்பட்டது அது அல்ல.

செவ்வாய்க்கிழமை காலையில் கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டபோது, “உங்க லென்ஸ் சரியில்லை ஐயா” என்றார். மாலையில் நேரில் போனால், முதலாளி வெளியூர் போயிருக்கிறார் என்று பையன் சொன்னான்; உள்ளறையில் அவருடைய குரல் எனக்குக் கேட்டது. நேற்று மறுபடி அழைத்தேன். ‘ஐயா’ போய் ‘சார்’ ஆகிவிட்டது: “சார், பார்த்துத்தானே வாங்கினீங்க? வித்த பொருளைத் திரும்ப எடுக்கிற வழக்கம் இல்லை.” லென்ஸைக் கையில் கொடுத்தது எதற்காக என்று அப்போதுதான் உறைத்தது. நான்கு படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இன்று என் எண்ணையே முடக்கிவிட்டார். 18,500 ரூபாய். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று எடுத்து வைத்திருந்ததிலிருந்து கொடுத்தேன் என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவற்றை விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இவற்றையாவது பிடித்துக்கொள்ளுங்கள். நிழல் தட்டையாக இருந்தால் வாங்காதீர்கள். அதே பிழையுள்ள இன்னொரு நாணயத்தைக் காட்டச் சொல்லுங்கள். அன்றைக்கே பணம் கொடுக்காதீர்கள். பில்லில் ‘இரட்டை அச்சுப் பிழை நாணயம்’ என்று எழுதி வாங்குங்கள். என் பில்லில் இருப்பது ‘பழைய காயின் – 1, ரூ. 18,500’ என்ற ஒரே வரி. அதை வைத்துக்கொண்டுதான் நாளை 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கப் போகிறேன்.