உறையவைப்பதா, சுடுவதா: ஆய்வுப் பன்றியின் சிறுநீரகத்தில் இரு ஊசிகள்

டர்பனிலிருந்து, தென்னாப்பிரிக்காவின் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் ஒண்டர்ஸ்டெபோர்ட்டுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு, சிறுநீரகக் கட்டியை அறுக்காமல் ஊசியாலேயே அழிக்கும் ஆய்வு என்றதும் எழும் முதல் ஐயம், ஆர்கான் வாயுவால் திசுவை உறையவைக்கும் கிரையோ ஊசியை எடுப்பதா, ரேடியோ அலையால் சுடும் ஊசியை எடுப்பதா என்பதுதான். பன்றியின் சிறுநீரகத்தைப் பொறுத்தவரை நான் உறையவைப்பதன் பக்கம். ஆனால் அதன் பெருமையாகச் சொல்லப்படும் ஒன்றை அப்படியே நம்பமாட்டேன்.

அந்தப் பெருமை, பனிப்பந்து கண்ணுக்குத் தெரிகிறது என்பதாகும். உயரழுத்த ஆர்கான் ஊசிமுனையில் விரியும்போது கடுங்குளிரை உண்டாக்க, அதைச் சுற்றி வளரும் பனி அல்ட்ராசவுண்டில் ஒளிரும் விளிம்பாகவும் சி.டி.யில் கருத்த வட்டமாகவும் படிவதால், எவ்வளவு தூரம் போயிருக்கிறோம் என்பதை அப்போதைக்கப்போதே பார்த்துக்கொள்ளலாம். ரேடியோ அலையில் இந்த வசதி இல்லை. சூட்டில் எழும் நீராவிக் குமிழிகள் அல்ட்ராசவுண்டை மறைத்துவிடுகின்றன. ஆயினும் பனியின் விளிம்பில் வெப்பநிலை ஏறத்தாழ 0 டிகிரிதான். சிறுநீரகச் செல்கள் உறுதியாக மடிவதற்கு ஏறக்குறைய −20 டிகிரியாவது வேண்டும். அந்தக் குளிரோ, நாய்களில் அளந்தபோது, விளிம்பிலிருந்து சுமார் 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளியே இருந்தது. ஆகவே, பனி மூடிய இடமெல்லாம் செத்த இடம் என்று வரைபடத்தில் கோடு போடுகிறவர் பிழை செய்கிறார். கட்டியைத் தாண்டியும் பனியை வளர்த்து, உருகவிட்டு, மறுமுறையும் உறையவைப்பது இதனால்தான்: முதல் சுற்றில் பனிப்படிகங்களாலும் நீரிழப்பாலும் சேதமுற்ற செல்களை இரண்டாம் சுற்று முழுமையாக அழிக்கிறது, இரத்தக்குழாய்களில் பின்னர் உண்டாகும் உறைகட்டி மிச்சத்தை முடிக்கிறது.

உண்மையான வேறுபாடு, சிறுநீரைச் சேகரிக்கும் குழாய்களின் அருகில்தான் புலப்படுகிறது. பன்றிகளில் வேண்டுமென்றே பனியை அங்கே வரை கொண்டுபோனபோதும், ஊசி நேரடியாகத் துளைக்காத வரை, புண் கசிவின்றி ஆறியது. சூடோ, அந்தச் சுவரைத் தாங்கும் நார்ப்புரதமான கொலாஜனையே சுருக்கிவிடுவதால் கசிவுக்கும் குழாய் குறுகலுக்கும் இடம் வைக்கிறது. இந்த ஒப்பீட்டுக்குப் பன்றியே தகும். அதன் சிறுநீரகம் மனிதருடையதைப் போல, சிறுநீர் வடியும் கூம்பு வடிவப் பகுதிகள் பலவற்றைக் கொண்டது, நாயினுடையதும் முயலினுடையதும் அப்படியல்ல.

ரேடியோ அலைக்கும் நியாயம் உண்டு. அது சூட்டால் இரத்தத்தைக் கட்டிபடச் செய்துகொண்டே போவதால் ஊசியை உருவும்போது இரத்தக்கசிவு குறைவு. கிரையோ ஊசியைப் பனி உருகுமுன் அவசரப்பட்டு இழுத்தால் சிறுநீரகமே விரிசல்விடும். நேரமும் மிச்சம், ஆர்கான் உருளைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. (மின்வெட்டு நேரத்தில் இரண்டுமே கைவிடும் என்பதை இந்நாட்டில் சொல்லித்தான் தெரியவேண்டுமா?) ஆனால் பெரிய இரத்தக்குழாய் அருகில் ஓடினால் அது வெப்பத்தை அள்ளிக்கொண்டுபோகும், ஓரத்தில் உயிருள்ள செல்கள் தங்கிவிடும். குழாய்க்குள் ஓடும் இரத்தம் கிரையோவின் குளிரையும் தணிக்கும் என்பதால், அங்கே இரு தரப்பும் ஏறக்குறைய சமம்தான்.

திசுவை எப்போது எடுத்துப் பார்ப்பது என்பதையும் ஊசியோடு சேர்த்தே முடிவுசெய்ய வேண்டும். சுட்ட உடனே எடுத்த திசு, வழக்கமான சாயத்தில் உயிருள்ளதைப் போலவே தோன்றும். செத்ததா இல்லையா என்பதைத் தெளிவாக்க, உயிருள்ள செல்களின் நொதிகளைக் காட்டும் நொதிச் சாயம் தேவை. உறையவைத்த புண்ணோ பல நாட்கள் கழித்தே தன் முழு எல்லையைக் காட்டும். அதுவரை விலங்கை வலியின்றிப் பேணும் திட்டம் இல்லாமல், இங்குள்ள விலங்கு நெறிக்குழு அனுமதி தராது. ஆனாலும், சிறுநீரைச் சேகரிக்கும் குழாய்களை விட்டு விலகிய ஓரக் கட்டியும், ஒரே நாளில் முடியும் ஆய்வும் என்றால், நான் தயங்காமல் ரேடியோ அலையையே கேட்பேன்.