இதய நோயாளிக்கு ரீஹேப்: பாளையங்கோட்டைக்கு அலையுறதா, போன்லயே பண்றதா?

எங்க சித்தப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சு வீட்டுக்கு அனுப்பும்போது வாரம் 3 நாளு வீதம் 12 வாரம் ரீஹேப்புக்கு, அதாவது இதயம் தேறுறதுக்கு ஆள் பாத்துக்கிட்டே செய்ய வைக்கிற உடற்பயிற்சிக்கு, வரச் சொன்னாவ, அப்படின்னா வீரவநல்லூர்ல இருந்து பாளையங்கோட்டைக்கு 36 தடவ. பஸ்ஸு, ஆட்டோன்னு ரெண்டு பேருக்கு போக வர 300 ரூவா, கூடப் போற தம்பி அன்னைக்கு தையக்கடைய அடைக்கணும், அதுல ஒரு 700 போயிரும், ஆக மொத்தம் 36,000. பீஸ இதுல சேக்கல பாத்துக்கிடுங்க. 9 தடவ போனாவ, அதோட நின்னுட்டாவ.

போன்ல பண்ணா அதே பலன் கிடைக்குமான்னு நானும் பயந்தேன். நியூசிலாந்துல 162 பேர ரெண்டா பிரிச்சு 12 வாரம் பாத்திருக்காங்க, ஒரு பாதி சென்டருக்கு வந்துச்சு, இன்னொரு பாதி உடம்புல சென்சார் மாட்டிக்கிட்டு, போன் வழியா அவங்கவங்க இருந்த இடத்துலயே பண்ணுச்சு. 2019ல வந்த ரிசல்ட்டுல உடம்போட தாங்குற சக்தி போன் பாதிக்கு ஒண்ணும் கொறையல, ஆனா நடத்துற செலவு சென்டர்ல தலைக்கு 3,466 நியூசிலாந்து டாலர், போன்ல 1,130தான். பெல்ஜியத்துல 140 பேர வச்சு சென்டரோட போனையும் சேத்துப் பாத்தாங்க, தலைக்கு மொத்தச் செலவு சென்டர் மட்டும் போனவங்களுக்கு 2,720 யூரோ, ரெண்டும் பண்ணவங்களுக்கு 2,156தான், திரும்ப ஆஸ்பத்திரியில படுக்குறது கொறஞ்சதும் அதுக்கு ஒரு காரணம்.

எங்க வீட்டுல தையல் மிஷின் மேல போன சாச்சு வச்சிருவோம், சித்தப்பா தெருவுல நடப்பாவ, பிசியோ பொண்ணு "பெரியவரே, பேசிக்கிட்டே நடங்க"ன்னு சொல்லும். பாட்டே பாட முடிஞ்சா வேகம் பத்தாது, பேசவே மூச்சு வாங்குனா வேகம் கூட, அவ்வளவுதான் கணக்கு. இப்ப கன்னடியன் கால்வாய்க் கரையில தனியாவே நடக்காவ.

அதுக்காக சென்டரே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். இதயம் பம்ப் பண்றது ரொம்பக் கொறவா இருக்கவங்க, துடிப்பு தாறுமாறா ஓடுறவங்க, நடந்தாலே நெஞ்சு வலிக்கிறவங்க இவங்கல்லாம் ஈசிஜி மாட்டி ஆள் பக்கத்துல நின்னுதான் ஆரம்பிக்கணும், அந்தக் காசு வீண் கெடையாது. மத்தவங்களுக்கும் என் யோசனை, மொத 6 தடவ நேர்ல, அதுக்கப்புறம் போன்ல. எங்க கணக்குக்கு அலைச்சல் 6,000, பிபி மிஷின் ஒரு 2,000, அதோட முடிஞ்சிரும்.

டிஸ்சார்ஜ் அன்னைக்கே எவ்வளவு நேரம் நடக்கலாம், நாடி எதுவரைக்கும் ஏறலாம்னு கேட்டு எழுதி வாங்கிக்கிடுங்க. நடக்கும்போது நெஞ்சு அடைச்சா பிசியோவுக்கு போன் போட்டுக்கிட்டு இருக்காதீங்க, ஒடனே 108.